சோஷியல் மீடியா டூல் வாங்கறதுக்கு முன்னாடி: ஸ்ரீரங்கத்து வத்தல் கடையில் ரெண்டு ஞாயிற்றுக்கிழமை

இந்த எபிசோட் வழக்கத்தைவிட கொஞ்சம் வீட்டுச் சமாச்சாரம். பேசினதை அப்படியே போடாமல், நான் திக்கினது, நடுவுல குக்கர் விசில் அடிச்சது எல்லாத்தையும் எடுத்துட்டு, படிக்கத் தோதா மாத்திக் கொடுத்திருக்கேன்.

எங்க சித்தி ஸ்ரீரங்கம் மேல அடையவளஞ்சான் வீதியில் சின்னதா ஒரு கடை வச்சிருக்காங்க. வத்தல், வடாம், சாம்பார் பொடி, பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல். கோயிலுக்கு வர்ற வெளியூர்க்காரங்க ஒருமுறை வாங்கிட்டுப் போய், அப்புறம் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கூரியர்ல கேட்பாங்க. வியாபாரத்தில் பெரும்பகுதி அதுதான். ஒரு வியாழக்கிழமை ராத்திரி சித்தி போன் பண்ணாங்க.

"தம்பி, கடைக்கு ஒருத்தர் வந்தாரு. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், ட்விட்டர் எல்லாத்தையும் ஒரே இடத்துல வச்சுப் பார்த்துக்கிற மாதிரி ஒரு சாஃப்ட்வேர் இருக்காம். மாசம் எட்டாயிரத்துச் சொச்சம் ஆகும்கிறாரு. வாங்கலாமா? நீ கம்ப்யூட்டர் படிச்சவன்தானே, பார்த்துச் சொல்லு."

கம்ப்யூட்டர் படிச்சவன் என்ன செய்வான்? எக்செல் ஷீட் திறப்பான். ஹூட்சூட், பஃபர், ஜோஹோ சோஷியல், மெட்டா பிசினஸ் சூட்னு வரிசையா எழுதி, எதிரில் இருபத்தி மூணு காலம் போட்டேன். எத்தனை அக்கவுண்ட் இணைக்கலாம், எத்தனை பேர் லாகின் பண்ணலாம், ரிப்போர்ட் எப்படி வரும், மாச வாடகை எவ்வளவு. கலர் எல்லாம் அடிச்சு ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைக்குக் கொண்டுபோனேன். கடையோட இன்ஸ்டாகிராமைப் பார்த்துக்கிறது சித்தி பொண்ணு, என் தங்கச்சி. காலேஜ் ரெண்டாவது வருஷம். ஷீட்டை மேலிருந்து கீழ வரைக்கும் பார்த்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டா.

"அண்ணா, இதுல வாட்ஸ்அப் எங்க?"

அந்தக் கேள்விக்கு அப்புறம் வருவோம். முதல்ல இந்த டூல் எல்லாம் உண்மையில் என்ன செய்யுதுன்னு சொல்லிடறேன். அது புரியாமத்தான் நானும் இருபத்தி மூணு காலம் போட்டேன்.

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், எக்ஸ் மாதிரியான தளங்கள் தங்களுக்குள்ள வேற சாஃப்ட்வேர் வந்து வேலை பார்க்க ஒரு தனி வாசல் வச்சிருக்கும். அதுதான் ஏ.பி.ஐ. நீங்க ஒரு டூல் வாங்கி உங்க பக்கத்தை இணைக்கும்போது, அந்த வாசல் வழியா உள்ளே போக டூலுக்கு ஒரு அனுமதிச் சீட்டு கிடைக்கும். அதை டோக்கன்னு சொல்வோம். அதைக் காட்டி அது போஸ்ட் போடும், கமெண்ட்டை எடுத்துட்டு வரும், எத்தனை பேர் பார்த்தாங்கன்னு எண்ணிட்டு வரும். இந்த மூணு வேலைதான். போஸ்ட்டை முன்கூட்டியே நேரம் குறிச்சு வைக்கிறது, எல்லா இடத்துக் கேள்வியையும் ஒரே இன்பாக்ஸில் காட்டறது, ரிப்போர்ட் கொடுக்கிறது. மிச்சமெல்லாம் இதுக்கு மேல போடற அலங்காரம்.

வாசல் யாருடையது? தளத்துடையது. எத்தனை மணிக்குத் திறக்கணும், என்ன சாமான் உள்ளே போகலாம், வாடகை எவ்வளவு, எல்லாம் அவங்க முடிவு. சுருக்கமா சொன்னா டூல் கம்பெனிகள் வாடகைக்கு இருக்கிறவங்க, அவங்ககிட்ட நாம உள்வாடகைக்கு இருக்கோம்.

இது வெறும் உவமை இல்ல, நடந்த கதை. கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம் 2018 மார்ச்சில் வெடிச்சது. அடுத்த மாசமே, ஏப்ரல் முதல் வாரத்தில், இன்ஸ்டாகிராம் தன் பழைய ஏ.பி.ஐ.யின் பல வசதிகளை, முன்னாடி சொல்லியிருந்த தேதி வரைக்கும்கூடக் காத்திருக்காமல் மூடிடுச்சு. அதை நம்பி ஓடின ஆப்கள் அப்படியே நின்னுச்சு. ஹூட்சூட் 2008-ல் கனடாவின் வான்கூவரிலும், பஃபர் 2010-ல் இங்கிலாந்திலும் தொடங்கினப்போ ரெண்டுக்குமே முதல் பிழைப்பு ட்விட்டர்தான். அதே ட்விட்டர் 2023 பிப்ரவரியில் இலவச ஏ.பி.ஐ.யை நிறுத்தப்போறதா அறிவிச்சு, மார்ச்சில் மாசம் 100 டாலர்லேருந்து தொடங்கற கட்டணப் பட்டியலை நீட்டுச்சு. பெரிய கம்பெனிகளுக்கு அதைவிடப் பல மடங்கு. ஹூட்சூட்டின் இலவசத் திட்டமும் அதே 2023 மார்ச் மாசத்தோட முடிஞ்சது. அடுத்த வருஷம் ஏப்ரலில் ஃபேஸ்புக் குரூப்புகளுக்கான ஏ.பி.ஐ.யும் போச்சு. குரூப்பில் டூல் வழியா போஸ்ட் போட்டுட்டு இருந்தவங்க மறுபடி கையாலே போட ஆரம்பிச்சாங்க.

இன்னொண்ணு எங்க ஊர்க் கடைகளுக்கு நேரடியா பட்டது. டிக்டாக்கை இந்தியாவில் 2020 ஜூன் 29-ல் தடை பண்ணாங்க. ஜூலையிலேயே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இங்க வந்துடுச்சு. ஆனா ரீல்ஸை வெளி டூல் தானா போடறதுக்கான வாசல் திறந்தது 2022 ஜூனில்தான். கிட்டத்தட்ட ரெண்டு வருஷம், மாசக் காசு கட்டற எந்த டூலும் ரீல்ஸ் விஷயத்தில் "நேரம் ஆச்சு, நீங்களே போடுங்க"ன்னு போனில் மணி அடிக்கிறதைத் தவிர வேற ஒண்ணும் பண்ண முடியல. இப்பவும் இன்ஸ்டாகிராம் ஆப்புக்குள்ள இருக்கிற பாட்டு லைப்ரரியிலிருந்து பாட்டு எடுத்துச் சேர்க்கிற வேலையை வெளி டூலில் செய்ய முடியாது. பிசினஸ் அக்கவுண்ட்டா இருந்தா ஆப்பிலேயே சினிமாப் பாட்டு பாதி கிடைக்காது, அது தனி வருத்தம்.

இதிலிருந்து எனக்குப் புரிஞ்சது: எல்லா டூலும் ஒரே வாசல் வழியாத்தான் போகுது. அதனால "எங்களிடம் மட்டும் உள்ளது"ன்னு விளம்பரத்தில் போடற வசதியில் பாதி, தளம் யாருக்கும் கொடுத்ததுதான். டூலுக்கு டூல் நிஜமா வேறுபடறது நாலஞ்சு விஷயத்தில்தான். எத்தனை பேர் சேர்ந்து வேலை பார்க்கலாம், ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் பார்த்து ஓகே சொல்ற வழி இருக்கா, அவசரத்துக்கு எவ்வளவு சீக்கிரம் நிறுத்தலாம், காசை எப்படி வாங்கறாங்க. என் ஷீட்டில் இந்தக் காலங்கள்ல ஒண்ணே ஒண்ணுதான் உருப்படியா இருந்தது.

சரி, தங்கச்சி கேள்வி. ஆர்டர் எங்கேருந்து வருதுன்னு கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வச்சு, ஒரு வாரம் சித்தியைக் கோடு போடச் சொன்னோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தா பாதிக்கு மேல வாட்ஸ்அப். அடுத்து நேரா போன் கால். இன்ஸ்டாகிராம் மெசேஜில் வந்ததை விரல் விட்டு எண்ணிடலாம், அதிலும் பாதிப் பேர் விலை கேட்டுட்டு "வாட்ஸ்அப்ல அனுப்புங்க"ன்னு சொன்னவங்க. எக்ஸ் தளத்திலிருந்து ஒண்ணும் இல்ல. கடைக்கு எக்ஸில் கணக்கே இல்லங்கறது அப்பத்தான் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. அதை நிர்வகிக்கத்தான் எட்டாயிரம் கொடுக்க இருந்தோம்.

இன்ஸ்டாகிராம் வீணுன்னு சொல்லல. சித்தி வடாம் பிழியற ரீலைப் பார்த்துட்டுத்தான் பலர் நம்பரே தேடறாங்க. ஆனா வியாபாரம் முடியற இடம் வாட்ஸ்அப். அதுக்கு 2018-லேருந்து வாட்ஸ்அப் பிசினஸ் ஆப் இலவசமா இருக்கு. பொருளுக்குப் படமும் விலையும் போட்டு கேட்டலாக் வைக்கலாம். "கூரியர் எத்தனை நாள்?" மாதிரி தினமும் வர்ற கேள்விக்குப் பதிலை எழுதிச் சேமிச்சு வைக்கலாம். பணம் வந்தது, பார்சல் போனது, பாக்கி இருக்குன்னு லேபிள் ஒட்டலாம். பிராட்காஸ்ட் லிஸ்ட்டில் ஒரு சங்கதி இருக்கு, நிறைய பேருக்குத் தெரியாது. ஒரு லிஸ்ட்டுக்கு 256 பேர்தான். அதுவும் உங்க நம்பரை அவங்க போனில் சேவ் பண்ணி வச்சிருந்தாத்தான் மெசேஜ் போய்ச் சேரும். அதனால சித்தி இப்ப ஒவ்வொரு பார்சலுக்குள்ளயும் "எங்க நம்பரைச் சேமிச்சுக்கோங்க"ன்னு ஒரு சீட்டு வைக்கிறாங்க. எந்த டூலும் செய்யாத வேலை அது.

வாட்ஸ்அப்பையும் முழுசா நம்பி உட்கார முடியாது. 2021 அக்டோபர் 4 ராத்திரி ஞாபகம் இருக்கா? நம்ம நேரம் ஒன்பது மணி சுமாருக்கு ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூணும் ஒண்ணா படுத்தது, எழுந்திருக்க கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் ஆச்சு. வாடிக்கையாளர் பேர், நம்பர், ஊர் மூணையும் ஒரு நோட்டிலோ ஷீட்டிலோ தனியா எழுதி வைங்க. அது மட்டும்தான் நிஜமா உங்களுடையது.

அந்த ரெண்டாவது ஞாயிற்றுக்கிழமைதான் உண்மையான பிரச்சனை கண்ணில் பட்டது. மெட்டா பிசினஸ் சூட்டில் கடைப் பக்கத்தைச் சேர்க்கலாம்னு லேப்டாப்பைத் திறந்தேன். சேரல. முழுக் கட்டுப்பாடு உள்ளவங்கன்னு காட்டற பட்டியலில் சித்தி பேரும் இல்ல, தங்கச்சி பேரும் இல்ல. சில வருஷங்களுக்கு முன்னாடி ஒரு டிசைனர் லோகோ போட்டுக் கொடுத்து, பக்கத்தையும் அவரே ஆரம்பிச்சுக் கொடுத்திருக்கார். தன் சொந்த பிசினஸ் கணக்குக்குள்ள வச்சு ஆரம்பிச்சிருக்கார். தங்கச்சிக்குப் போஸ்ட் போடற அனுமதி மட்டும். அதாவது அத்தனை வருஷமா படம் எடுத்து, ராத்திரி பதினோரு மணிக்குப் பதில் எழுதி, ஒவ்வொரு ஆளா சேர்த்த அந்தப் பக்கம் சட்டப்படி யாருடையதோ, நடைமுறையில் அவருடையது. அவர் நினைச்சா சாயங்காலமே பூட்டலாம்.

சித்திக்கு இதைப் புரிய வைக்க ரொம்ப நேரம் ஆகல. "கடை நம்மளது, பத்திரம் அவர் பேர்லங்கற?" அவ்வளவுதான் கேட்டாங்க. அப்புறம் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல.

அந்த டிசைனர் கெட்டவர் இல்ல. வேற ஊருக்குப் போயிட்டார், நம்பரை மாத்திட்டார், அவ்வளவே. தெரிஞ்சவங்க மூலமா தேடிப் பிடிச்சு, முழுக் கட்டுப்பாட்டைச் சித்தி பேருக்கு மாத்தி வாங்க மூணு வாரம் ஆச்சு. ஆள் கிடைக்கலைன்னா என்ன ஆகியிருக்கும்னு நான் யோசிக்கவே விரும்பல. தயவுசெய்து, இந்த எபிசோடை நிறுத்திட்டாவது உங்க வீட்டுக் கடைப் பக்கத்தை ஒருமுறை பாருங்க. முழுக் கட்டுப்பாடு யார் கையில இருக்கு? இன்ஸ்டாகிராம் ஓ.டி.பி. யார் போனுக்கு வருது? அந்த போனுக்குச் சொந்தக்காரர் இன்னும் உங்ககிட்ட வேலை பார்க்கிறாரா? குறைஞ்சது ரெண்டு பேருக்கு முழுக் கட்டுப்பாடு இருக்கட்டும், ரெண்டு பேரும் வீட்டு மனுஷங்களா இருக்கட்டும். மத்தவங்களுக்கு அவங்க வேலைக்குத் தேவையான அனுமதி மட்டும் போதும்.

டூல் விஷயத்திலும் இதே கேள்விதான். பாஸ்வேர்டைக் கேட்கிற டூலை வாசலோட அனுப்பிடுங்க. ஒழுங்கான டூல் உங்களை ஃபேஸ்புக்கின் பக்கத்துக்கே கூட்டிட்டுப் போய் அங்க அனுமதி வாங்கும், பாஸ்வேர்டு அதன் கைக்குப் போகாது. போனது டோக்கன் மட்டும், அதை எப்ப வேணா நீங்க ரத்து பண்ணலாம். 2013 அக்டோபரில் பஃபருக்குள்ள ஹேக்கர்கள் புகுந்து, வாடிக்கையாளர்களின் பக்கங்களில் எடை குறைக்கிற விளம்பரம் எல்லாம் போட்டாங்க. திருட்டுப் போனது டோக்கன், பாஸ்வேர்டு இல்ல. பஃபர் போஸ்ட் போடறதை மொத்தமா நிறுத்தி, நடந்ததை வெளிப்படையா எழுதி, எல்லோரையும் மறுபடி இணைக்கச் சொல்லுச்சு. பாஸ்வேர்டே போயிருந்தா கதை வேற. இன்னொரு சின்னக் குறிப்பு: நீங்க ஃபேஸ்புக் பாஸ்வேர்டை மாத்தினா பழைய டோக்கன் செத்துப்போகும், வரிசையில் வச்ச போஸ்ட் ஒண்ணும் போகாது. பாஸ்வேர்டு மாத்தின அன்னைக்கே டூலையும் திரும்ப இணைச்சிடுங்க.

இப்ப நான் சொல்லப்போறது எனக்கே சொல்லக் கூச்சமா இருக்கிற விஷயம்.

2019 அக்டோபர். காலேஜ் முடிச்ச புதுசு. நண்பன் வீட்டுத் துணிக்கடைக்கு நான்தான் "சோஷியல் மீடியா". தீபாவளி ஞாயிற்றுக்கிழமை, 27-ஆம் தேதி. ஒரு வாரம் முன்னாடியே உட்கார்ந்து எல்லாப் போஸ்ட்டையும் நேரம் குறிச்சு வச்சுட்டேன். அதுல ஒண்ணு, சரவெடி வெடிக்கிற படம் போட்டு, "சரவெடி சலுகை"ன்னு தலைப்பு. 25-ஆம் தேதி வெள்ளிக்கிழமை சாயங்காலம் நம்ம மாவட்டத்திலேயே, மணப்பாறைக்குப் பக்கத்தில் நடுக்காட்டுப்பட்டியில், ரெண்டு வயசுக் குழந்தை மூடாத ஆழ்துளைக் கிணத்தில் விழுந்தது. அடுத்த நாலு நாள் தமிழ்நாடு முழுக்க டி.வி. முன்னாடி உட்கார்ந்திருந்தது ஞாபகம் இருக்கும். நிறைய வீட்டில் அந்தத் தீபாவளிக்கு வெடியே வெடிக்கல. ஞாயிற்றுக்கிழமை காலையில் சரியா எட்டு மணிக்கு எங்க "சரவெடி சலுகை" போஸ்ட் வெளியே போச்சு.

நான் வைக்கல, மெஷின்தான் போட்டதுன்னு யார்கிட்ட சொல்ல முடியும்? கீழ வந்த கமெண்ட்டுகளை இப்பவும் மறக்கல. எடுக்கணும்னா டூலோட லாகின் என் லேப்டாப்பில், லேப்டாப் வீட்டில், நான் சொந்தக்காரங்க ஊரில். போனில் நுழையலாம்னா ஓ.டி.பி. நண்பனோட அப்பா போனுக்கு. அவர் தீபாவளிக் கூட்டத்தில் கடையில நிக்கிறார், போன் எடுக்கல. ரெண்டு மணி நேரத்துக்கு மேல அந்தப் போஸ்ட் அங்கேயே நின்னுச்சு. 29-ஆம் தேதி அதிகாலை அந்தக் குழந்தையை உயிரில்லாமத்தான் எடுத்தாங்க. நண்பனோட அப்பா என்னை ஒரு வார்த்தை திட்டல. அடுத்த மாசத்திலிருந்து போஸ்ட் போடறதை வேற ஆள்கிட்ட கொடுத்துட்டார்.

அதிலிருந்து எந்த டூலைப் பார்த்தாலும் என் முதல் கேள்வி, எத்தனை போஸ்ட் வரிசையில் வைக்கலாம்கிறது இல்ல. வரிசையை மொத்தமா நிறுத்த எத்தனை தட்டு தட்டணும்? போனிலிருந்தே முடியுமா? நிறுத்தற அதிகாரம் யார் யாருக்கு இருக்கு? பஃபரில் ஒவ்வொரு சேனலின் வரிசையையும் நிறுத்தி வைக்க பட்டன் இருக்கு. ஹூட்சூட்டில் மொத்த நிறுவனத்தின் போஸ்ட்டையும் ஒரே இடத்தில் நிறுத்தலாம். நீங்க எதை எடுத்தாலும், வாங்கின முதல் நாள் ஒரு ஒத்திகை பாருங்க. ஒரு போஸ்ட்டை அரை மணி நேரம் கழிச்சுப் போகிற மாதிரி வச்சுட்டு, ரோட்டில் நின்னு மொபைல் டேட்டாவில் அதை நிறுத்திப் பாருங்க. 2024 ஆயுத பூஜை அன்னைக்கு, அக்டோபர் 11, திருச்சியிலிருந்து ஷார்ஜா கிளம்பின விமானம் ஹைட்ராலிக் கோளாறால 141 பேரோட ரெண்டு மணி நேரத்துக்கு மேல நம்ம தலைக்கு மேலேயே சுத்திட்டு இருந்தது. நல்லபடியா இறங்கிடுச்சு. அந்தச் சாயங்காலம் ஊரில் எத்தனை டிராவல்ஸ் கடையில் "இனிய பயணம்" போஸ்ட் வரிசையில் காத்துட்டு இருந்ததோன்னுதான் எனக்கு முதலில் தோணுச்சு. பழைய காயம் அப்படி.

ஸ்ரீரங்கத்துக்கு இதுல இன்னொரு சிக்கலும் சேரும். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவுல இருக்கிற தீவு இது. ஆடிப்பெருக்குக்கு அம்மா மண்டபம் படமும் சித்ரான்னப் பொடியும் வச்சு ஒரு போஸ்ட் போட்டா நல்லா ஓடும்னு யாருக்கும் தெரியும். ஆனா ஒரு மாசம் முன்னாடி எழுதி வைக்க முடியுமா? மேட்டூர் அணையை வழக்கமா ஜூன் 12-ல் திறக்கணும். 2024-ல் தண்ணி இல்லாம அது தள்ளிப்போய், ஜூலை 28-ல்தான் திறந்தாங்க. ரெண்டே நாளில் அணை 120 அடி நிரம்பி, ஆடி 18-க்குள்ள கரையோரம் முழுக்க வெள்ள எச்சரிக்கை. ஜூலை பத்தாம் தேதி "வறண்ட காவிரியிலும் வாடாத ருசி"ன்னு யாராவது எழுதி வரிசையில் வச்சிருந்தா நினைச்சுப் பாருங்க.

அடுத்து, தமிழ். டூல் கம்பெனிக்காரங்க டெமோ காட்டும்போது இங்கிலீஷ் போஸ்ட்டைத்தான் காட்டுவாங்க. நீங்க தமிழில் காட்டச் சொல்லுங்க. எழுத்து எண்ணிக்கையே முதலில் இடிக்கும். எக்ஸ் தளத்தில் 280 எழுத்துன்னு சொன்னாலும், கம்ப்யூட்டர் புள்ளியையும் கொம்பையும் சுழியையும் தனித்தனியாத்தான் எண்ணும். "திருச்சிராப்பள்ளி" நமக்கு ஒன்பது எழுத்து, அதுக்குப் பதினேழு. "ஸ்ரீரங்கம்" நமக்கு அஞ்சு, அதுக்குப் பத்து.

அந்த "ஸ்ரீ"யில் இன்னொரு வேடிக்கை இருக்கு. யூனிகோடில் அதை ரெண்டு விதமா எழுதலாம். ஒண்ணு "ஸ" வச்சு, இன்னொண்ணு 2005-ல் யூனிகோடில் சேர்த்த "ஶ" வச்சு. பல ஃபான்ட்டில் கண்ணுக்கு ரெண்டும் ஒரே மாதிரி தெரியும். கம்ப்யூட்டருக்கு ரெண்டும் வேற வேற சொல். தங்கச்சி போன் கீபோர்டில் அடிக்கிற #ஸ்ரீரங்கம் ஹேஷ்டேகும், சித்தி போனில் அடிக்கிறதும் வேற வேறன்னு கண்டுபிடிக்க எனக்கு அரை நாள் ஆச்சு. பார்க்க அச்சு அசலா ஒண்ணு. இப்ப ஒரு டேகை எழுதி நோட்ஸில் சேமிச்சு, அதையே காப்பி பண்ணி ஒட்டறாங்க. அதோட "வாடிக்கையாளர் மனநிலையைக் கண்டுபிடிக்கும்"னு ஒரு வசதிக்குத் தனியா காசு கேட்பாங்க. ஒரு டெமோவில் "பொடி சும்மா தெறிக்குது"ங்கற கமெண்ட்டைக் கொடுத்துப் பார்த்தேன். எதிர்மறைன்னு சிவப்பு கலர் காட்டுச்சு. சித்திக்கு அதைப் பார்த்து ஒரே சிரிப்பு.

காசு விஷயத்தைச் சீக்கிரம் முடிச்சிடறேன். விலைப் பட்டியல் மாறிட்டே இருக்கும், அதனால கணக்கு போடற விதத்தைப் பாருங்க. பஃபர் ஒவ்வொரு சேனலுக்கும் தனித்தனியா வாங்கும். இலவசத்தில் மூணு சேனல், ஒவ்வொண்ணிலும் பத்துப் போஸ்ட் வரிசையில் வைக்கலாம். சின்னக் கடைக்கு அதுவே மிச்சம். ஹூட்சூட் இலவசம் போன பிறகு 2023-ல் கீழ்த்தட்டுத் திட்டமே மாசம் 99 டாலர். வெளிநாட்டு டூல்னா மேல 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் உண்டு. அப்புறம் நம்ம ஊர் கார்டு. ரிசர்வ் வங்கி விதிப்படி வெளிநாட்டுப் பணம் கட்டற வசதியை நாமளா ஆன் பண்ணணும். மாசா மாசம் தானா கழியறதுக்கும் 2021 அக்டோபரிலிருந்து புது விதிமுறை. கார்டு மறுத்தா டூல் நிக்கும், டூல் நின்னா வரிசையும் நிக்கும், தீபாவளிக்கு முந்தின நாள்தான் அது தெரியும்.

அந்த வகையில் ஜோஹோ சோஷியலுக்கு ஒரு வசதி. ரூபாயில் விலை, ஜி.எஸ்.டி. பில். ஜோஹோ நம்ம சென்னைக் கம்பெனி, தென்காசி பக்கம் மத்தளம்பாறையிலும் ஆபீஸ் இருக்கு. நம்ம ஊருங்கறதுக்காக வாங்குங்கன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா தில்லைநகரில் என் நண்பன் ஒரு கோச்சிங் சென்டர் நடத்தறான். மூணு கிளை, பதில் சொல்ல நாலு பேர், ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் பார்த்துத்தான் வெளியே விடணும். அவனுக்கு மாசக் காசு கட்டற டூல் நிஜமாவே தேவை. அவனை அதைத்தான் எடுக்கச் சொன்னேன். சின்னதா ஒரு கணக்கு வச்சுக்கோங்க: பதில் சொல்றவங்க மூணு பேருக்கு மேல போய், "இந்தக் கமெண்ட்டுக்கு நீ பதில் போட்டியா, நான் போடணுமா?"ன்னு ஒருத்தரை ஒருத்தர் கேட்க ஆரம்பிச்சா டூலுக்கு நேரம் வந்தாச்சு. அதுவரைக்கும் வேண்டாம்.

சித்தி கடைக்கு என்ன முடிவு பண்ணோம்? ஃபேஸ்புக்குக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் மெட்டா பிசினஸ் சூட், இலவசம். ரீல்ஸை மட்டும் தங்கச்சி இன்ஸ்டாகிராம் ஆப்பிலிருந்தே போடறா, பாட்டுக்காக. வாட்ஸ்அப் பிசினஸ் சித்தி போனில். முழுக் கட்டுப்பாடு சித்தி, தங்கச்சி ரெண்டு பேர்கிட்ட. எனக்குக் கேட்காமலே அனுமதி கொடுக்க வந்தாங்க, நான் வேண்டாம்னுட்டேன். மூணு நாளுக்கு மேல எதையும் வரிசையில் வைக்கிறதில்லன்னு தங்கச்சி தானா ஒரு விதி போட்டிருக்கா. எட்டாயிரம் கேட்டவருக்குச் சித்தி புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில் கொடுத்து, "அப்புறம் பார்க்கலாம் தம்பி"ன்னு மரியாதையா அனுப்பிட்டாங்க.

போன வாரம் தங்கச்சி ஒரு டிராஃப்ட் அனுப்பியிருந்தா, வைகுண்ட ஏகாதசிக்கு. ரங்கா ரங்கா கோபுரத்துப் படம், கீழ நாலு வரி, பொடி விலை. நல்லா இருந்தது. எப்ப போடப்போறேன்னு கேட்டேன்.

"அன்னைக்குக் காலையில எழுந்து, நியூஸ் பார்த்துட்டுப் போடறேண்ணா."